விறைப்பூசி

மண்டூர்த் துறையில் முதல் பாதை ஏறினேன்.
வாவிக்கு மேலால் ஏழு மோட்டார் சைக்கிள்,
ஒரு மீன்பெட்டி,
கைக்குழந்தையோடு ஒருத்தி.
களுவாஞ்சிகுடிக்கு இந்த வழியால்
இரண்டு வருஷம் குளிசைக்குப் போய்வந்தவள்தான்.
நிறுத்தி மூன்று வருஷம்.
இன்றைக்கு ஒரு வசனம் கொண்டுபோகிறேன்.

வசனத்தை இரவே பாடமாக்கினேன்.
அதில் ஒரு சொல் இல்லை.
ஆசை என்றால் சினிமா,
உறவு என்றால் சொந்தக்காரர்,
மற்றதெல்லாம்
சந்தியில் நிற்கும் பொடியன்களின் வாயில் கிடக்கிறது,
எடுத்துக் கழுவினாலும் நாற்றம் போகாது.

டொக்டர் புதுசு. நல்ல பிள்ளை.
நித்திரை வருதா? வருது.
சாப்பாடு? சாப்பிடுறன்.
அழுகை?
இல்ல டொக்டர், அழுகையும் வரல்ல.
அதையும் நல்ல செய்தியாக எழுதிக்கொண்டார்.

பிறகு சொன்னேன்.
பல்லுப் புடுங்க ஊசி போட்டால்
சொண்டு நம்முடையது இல்லாமல் போகுமே,
கடித்தாலும் தெரியாதே,
அப்படி. கீழே.
அந்த ஊசி பின்னேரம் விட்டுவிடும்.
இது விடவில்லை.

பேனை நின்றது.
'மருந்துதான் நிப்பாட்டியாச்சே.'
'ஓம்.'
'அப்ப அது யோசனையால வாறது.'
கொப்பியில் ஒரு பெயர் எழுதினார்,
பழைய குளிசையின் தங்கச்சி.

குளிசையை நான் ஏசமாட்டேன்.
பிள்ளை வயிற்றிலேயே போன மாரியில்
கிணற்றுக்கட்டில் கால் வைத்தவளை
அதுதான் இழுத்து வீட்டுக்குள் விட்டது.
இழுத்த இழுவையில் என்னவோ கழன்றிருக்கிறது.
ஒருவரும் திருப்பித் தரவில்லை,
எடுத்ததாக ஒப்புக்கொள்ளவும் இல்லை.

புவிதரன் இப்போது கேட்பதில்லை.
முந்தி நான் நடித்தேன். அவருக்குத் தெரிந்தது.
தெரியாதது போல அவரும் நடித்தார்.
ஒருநாள் இருட்டில் 'பரவால்ல' என்றார்.
அதற்குப் பிறகு
நுளம்புவலையை என் பக்கம் கவனமாகச் சொருகிவிட்டு
மற்றப் பக்கம் திரும்பிப் படுக்கிறார்.
தோளில் கை வைத்தால்
கை என்று தெரிகிறது,
தந்தி வந்தது போல.

திரும்பும்போது பாதை அக்கரையில் நின்றது.
செருப்பைக் கழற்றி
துறையில் முழங்கால்வரை இறங்கினேன்.
குளிர்ந்தது. சேறு விரலிடுக்கில் வழுக்கியது.
ஒரு மீன்குஞ்சு கெண்டைக்காலைக் கொத்த
கூசி,
தனியே சிரித்தே விட்டேன்.
மோட்டார் சைக்கிளில் இருந்தவன் திரும்பிப் பார்த்தான்.

சேலையை இன்னும் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு
அசையாமல் நின்றேன்,
இன்னொருமுறை கொத்தட்டும் என்று.
பாதை வந்து கரையில் முட்டியது.
ஏறச்சொல்லிக் கத்தினார்கள்.