மட்டம் தட்டாதீங்க

பதினோரு வருசமாக மட்டம் தட்டுகிறவன் நான்.
பல்லடம் ரோட்டில் சைட் போட்ட காடுகளில்
என் வாளிப்பல் படாத வரப்பு குறைவு.
கேரம் போர்டு மாதிரி வேணும் என்பார்கள்,
ஆக்கிக் கொடுப்பேன்.

துளசிமணி அக்கா போனில் கேட்டது வேறு.
"மணிக்கு எவ்வளவுங்க?"
"ஆயிரத்து எரநூறுங்க. எந்தக் காட்டை நெரவோணும்?"
"நெரவறதுக்கில்லீங்க.
சமமாக் கெடக்கறதக் கெடுக்கோணும்."

ஊதியூருக்குத் தெற்கே, ஓணான்கரட்டுச் சரிவு,
மூன்றரை ஏக்கர் சுக்கான்கல்.
மேல்மண் என்று ஒன்று
எந்தக் காலத்திலோ ஓடைக்குப் போயாயிற்று.
மிச்சம் இருந்தது சாணி வழித்த களம் போல இறுகி,
துப்பினால் எச்சிலும் கீழே ஓடும்.

கொத்தனார் டியூப் ஒன்று, முப்பதடி, உள்ளே தண்ணீர்.
ஒரு முனை அக்காவிடம்,
மறுமுனை, தறி ஓடாத ஞாயிற்றுக்கிழமை என்பதால்,
அவள் வீட்டுக்காரர் கையில்.
"குமிழி நிக்குது, சுண்டி விடுங்க."
இரண்டு பக்கமும் தண்ணீர் ஒரே உயரம் காட்டிய இடமெல்லாம்
கோலப்பொடி வைத்துக்கொண்டே போனார்கள்.
புள்ளிகளைச் சேர்த்துப் பார்த்தால்
நேர்கோடு ஒன்றுகூட இல்லை.
கரடு வளைந்தபடி கோடும் வளைந்திருந்தது.

"பிறை பிறையா வெட்டுங்க. வாய் மேக்கால பாக்கோணும்,
மண்ணு கீழ்ப்பக்கம்."

கைப்பழக்கம். முதல் கரையிலேயே
வாளியைக் கவிழ்த்து இரண்டு தட்டுத் தட்டிவிட்டேன்.
கையை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தாள்.
"வழவழன்னு வெச்சா வெதை எதையப் புடிச்சு நிக்கும்?"

முதல் ஒரு மணி நேரத்தில் பதினாலு குழி.
குடித்துவிட்டு ஓட்டினவன் வேலை போலிருந்தது.
டெம்போவை நிறுத்தி ஒருவன் கேட்டான்,
"பொதையலுங்களா?"

பொழுதோட, போசி நிறையக்
கொழுக்கட்டைப்புல் விதையை மணலோடு கலந்து வீசினாள்.
ஆவணிக் காற்று பாதியை வாங்கிக்கொண்டு
காற்றாலைப் பக்கம் போயிற்று.
ஆறரை மணி நேரத்துக்கு ஏழாயிரத்து எண்ணூறு.
எரநூறு குறைவாக இருந்தது.
அப்புறம் தாரேன் என்றாள்.

ஐப்பசியில் ஒரே ஒரு மழை.
கார்த்திகையில் அந்த வழியாக வந்தபோது
எரநூறைக் கேட்கலாம் என்று இறங்கினேன்.

நாலாம் வரிசை உடைந்து கிடந்தது.
டியூப்பில் குமிழி நின்றிருக்கலாம்,
என் வாளி ஒரு சாண் தப்பியிருக்கலாம்.
இருவரும் அதைப் பேசவில்லை.
மற்ற குழிகளில் வண்டல் காய்ந்து
அப்பளமாய் விளிம்பு தூக்கியிருந்தது.
அங்கொன்றும் இங்கொன்றுமாகப் புல்.

"இங்க வந்து பாருங்க."

வண்டி திருப்ப இடம் பற்றாமல்
நான் முன்னும் பின்னும் உருட்டித் திட்டிக்கொண்டிருந்த மூலை.
பின்சக்கரம் அம்பு அம்பாய் அழுத்திய அச்சு,
விரற்கடை ஆழம்கூட இருக்காது.
அந்த அம்புகளில் எல்லாம் புல்,
அச்சுப் பிசகாமல், வளைவு வளைவாக.

குனிந்து பார்த்தேன்.
வலது தடத்தில் அடர்த்தி.
இடது தடத்தில் எண்ணிவிடலாம்.
இடது டயர் தேய்ந்து வழுக்கையாகி வருசம் இரண்டு.

எரநூறை இடுப்புச் சுருக்கிலிருந்து எடுத்துக்கொண்டே கேட்டாள்,
"வார ஆவணிக்கு வந்து
சும்மா மேலயும் கீழயும் போகாம, குறுக்கால மட்டும்
காடு பூராவும் ஓட்டிட்டுப் போறீங்களா?
தோண்டாம ஓட்டறதுக்கும் அதே ரேட்டுத்தானுங்களா?"

"டயரை மாத்திட்டுச் சொல்றனுங்க" என்றேன்.