குறைத்துச் சொல்லும் பெட்டி

லிந்துலை தாண்டியதும் யோகசீலன் கேட்டார்:
"இது என்னதான் செய்யும்? சொல்லிட்டுக் காசு வாங்கு, புள்ள."

என் மடியில் லேப்டாப்.
டேஷ்போர்டுக்கு அடியில் சோப்புக்கட்டி அளவு கறுப்புப் பெட்டி.
நாலு வயரைத் தோலுரித்து
பஸ்லி முறுக்கிவிட்டிருந்தான் காலையில்.
சின்னக் கார், பழைய ஜப்பான் டர்போ,
பின் சீட்டில் ஒரு மூட்டை லீக்ஸ்.

சொன்னேன்:
எஞ்சின் வாசலில் ஒரு ஆள் நிற்கிறான்.
உள்ளே போகிற காற்றை நிறுக்கிறான்.
இவ்வளவு வந்தது என்று அவன் சீட்டெழுதித் தந்தால்
அதற்கேற்ற பெற்றோலை மூளை ஊற்றும்.
பெட்டி இடையில் உட்கார்ந்து
சீட்டைத் திருத்துகிறது.
நூறு வந்தால் தொண்ணூற்றிநாலு.
மூளை அதை நம்பும்.

அவர் சிரித்தார்,
ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டி.
வேறு எந்தக் கஸ்டமருக்கும்
இவ்வளவு சீக்கிரம் விளங்கியதில்லை.
பதினெட்டு வருடமாய் மேல் டிவிஷனில்
கொழுந்து நிறுப்பவர்.
சாக்குக்கு ஒன்று, ஈரத்துக்கு இரண்டு,
பெயரில்லாமல் இன்னும் ஒன்று.
அவர் புத்தகத்தில் நாற்பத்தோராவது வரி
என் அக்கா சத்தியவாணி.

நான் அதைச் சொல்லவில்லை.
ஸ்கிரீனில் பதினாலு புள்ளி ஏழு இருந்தது.
பதினைந்தாயிற்று. பதினைந்தரை.
காற்று கூடி, எண்ணெய் மெலிந்து,
கால் பட்டும் படாமலும்
கார் நன்றாகத்தான் போனது.

ரதல்ல குறுக்குப் பாதையில் ஏற்றம் தொடங்கியது.
அவர் மிதித்தார். டர்போ விசிலடித்தது.
அப்புறம்தான் அந்தச் சத்தம்,
தகர டப்பாவில் மிளகு குலுக்கியது போல.
"காலை எடுங்க!"
என் குரல் எனக்கே புதிதாய் இருந்தது.

தேயிலைக்குள் ஒதுக்கி நிறுத்தினோம். பனி மூடியது.
ஊதும் பகுதியிலுள்ள கட்டங்களை
ஒவ்வொன்றாகப் பழையபடி மாற்றினேன்.
"அங்க கழிக்க முடியாதா?"
"முடியாது. பாரம் இழுக்கிற நேரம்
முழு நிறை எழுதணும். இல்லாட்டி பிஸ்டன் உருகும்."
"அப்ப எங்க கழிக்கிறது?"
"சும்மா போற நேரம். அதுவும் கொஞ்சம்."

அவர் கண்ணாடியைத் துடைத்தார். இரண்டு முறை துடைத்தார்.

இன்னொன்றும் இருந்தது, சொல்லாமல் விட்டிருக்கலாம்:
புகைக்குழாயில் ஒரு மூக்கு இருக்கிறது.
எரிந்ததை மோந்து பார்த்து மூளைக்குக் கோள் சொல்லும்.
மூளையும் சண்டை போடாது, மனதில் வைத்துக்கொள்ளும்.
ஒரு வாரம், பத்து நாள்.
கழித்ததையெல்லாம் திரும்ப ஊற்றிவிடும்.

"அந்த மூக்கை ஏமாத்த ஏதும் இருக்கா?"
"இருக்கு. அதுக்குத் தனிக் காசு."
அதைச் சொன்னதும் நான்தான்.

நானுஓயாவில் டீ குடித்துவிட்டுக் கணக்குப் பார்த்தோம்.
லீற்றருக்குப் பதின்மூன்று ஓடியது
இனிப் பதினாலு ஓடலாம்.
பெட்டிக் காசு திரும்ப
இருபத்தையாயிரம் கிலோமீட்டர் போகணும்.
இறக்கத்தில் கியரில் விட்டு
பதறாமல் ஓட்டினால்
பெட்டி இல்லாமலே அந்த ஒன்று கிடைக்கும்.
இதையும் சொன்னேன், கொஞ்சம் தாழ்ந்த குரலில்.
லொறி ஒன்று கடந்தது. அவருக்குக் கேட்டதா தெரியாது.

காசைப் பொத்தான் போட்ட பையிலிருந்து எடுத்து
எச்சில் தொட்டு எண்ணினார்.
நாற்பத்திரண்டாயிரம்.
மேசையில் வைத்து நானும் எண்ணினேன்.
பிறகு பஸ்ஸில், பையைத் திறந்து
இன்னொரு தடவை.
ஒரு ரூபாயும் கழியவில்லை.

லயத்தில் அக்கா வெந்நீரில் கால் வைத்திருந்தாள்.
இன்றைக்கு இருபத்தொன்று பறித்தாளாம், பதினேழு விழுந்ததாம்.
"ஒனக்கு எவ்வளவு தந்தாரு அந்த ஆளு?"

வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே
முப்பத்தெட்டு என்றேன்.
அவள் நம்பினாள்.