விடுமுறையிலும் மண்வெட்டி

சாலையில் விழுந்த கல்லை அள்ளுவது எங்கள் பிழைப்பு.
ஒரு சூறாவளி கடந்து போனால்
மலை தன் பாதி உடம்பைத் தாரின் மேல் சாய்த்துவிடும்.
அள்ளுவோம். மறுபடி சாயும்.
மறுபடி சம்பளம்.

ஆகஸ்டுக்குப் பிறகு மழையில்லாத முதல் ஞாயிறு
டிசம்பரில்தான் கிடைத்தது.
கோயில் மணி அடித்து முடிவதற்குள்
பியுங் வண்டியைக் கிளப்பிவிட்டான்:
"வெந்நீருக்குப் போறோம்."
பின்னால் கடகடவென்று உருண்டது
அதே மண்வெட்டி.

இறக்கம் நேர்செங்குத்து.
யாரோ கட்டிவிட்டுப் போன கயிறு,
யாரோ நம்பிப் போட்ட முடிச்சு.
முன்னால் லாங்குஸ்;
கொடி காட்டி லாரிகளை நிறுத்துகிறவள்,
வேர்களையும் அப்படியே அதட்டுகிறாள்.
"இதைப் பிடிக்காதே, இது பொய் வேர்."
பிடித்தேன்.
பொய்தான்.
உட்கார்ந்தபடியே பத்தடி கீழே போய்ச் சேர்ந்தேன்.

ஆற்றை நான்கு முறை கடந்தோம்.
மூன்றாவதில் தண்ணீர் தொடைவரை ஏறி
எலும்புகளை ஒவ்வொன்றாய் எண்ணிப் பார்த்தது.
ரப்பர் பூட்ஸில் ஆளுக்கொரு குட்டி ஆறு,
சளக், சளக்.

பிறகு அந்தச் சுவர்.
பாறை முழுக்கக் களிம்பேறிய செம்பின் பச்சை,
இடையிடையே துரு, இடையிடையே மஞ்சள்,
மேலிருந்து கொதிநீர் சொட்டிச் சொட்டி
தானே பூசிக்கொண்ட வண்ணம்.
சுவர் இருந்தது.
குளம் இல்லை.
குளத்தின் மேல் ஆள் உயரத்துக்குச் சரளை.
"இங்கேதான் இருந்தது" என்றான் பியுங்,
திருட்டுக் கொடுத்தவனின் குரலில்.

லாங்குஸ் பூட்ஸைக் கழற்றினாள்.
கண்ணை மூடிக்கொண்டு
பாதத்தால் தேடியபடி நடந்தாள்.
குளிர். குளிர். குளிர்.
ஒரு துள்ளல், ஒரு கெட்ட வார்த்தை:
"இங்கே."

தோண்டினோம்.
மேஸ்திரி இல்லாமல், கையெழுத்து நோட்டு இல்லாமல்.
முழங்கால் ஆழத்தில் குமிழி விட்டது பூமி,
அவித்த முட்டை வாடையோடு.
விரல் வைத்தான் பியுங்; விரலை வாயில் வைத்தான்.
ஆற்றிலிருந்து வாய்க்கால் வெட்டினோம்.
வாய்க்காலுக்குக் கல்தான் குழாய்:
எடுத்தால் குளிர் வரும், வைத்தால் நிற்கும்.
"ஒன்று எடு."
"எடுக்காதே, ஆறிப்போகும்."
தலையளவு கல் ஒன்றுக்காக
தியாங்கும் பியுங்கும் அரைமணி வழக்காடினார்கள்.

மூவரும் இறங்கிவிட்டோம். தியாங் மட்டும் கரையில்.
முகாமில் காலுறையோடு தூங்குகிறவன்.
திரும்பி உட்கார்ந்து, மெதுவாக, உருவினான்.
இடது காலில் இரண்டே விரல்கள்.

அந்த வருஷம் ஜேசிபியில் உட்கார்ந்திருந்தது நான்.
கரண்டியிலிருந்து நழுவிய கல்
எத்தனை பெரிது என்று எனக்குத்தான் தெரியும்.
அவன் ஒன்றும் சொன்னதில்லை.
நானும் கேட்டதில்லை.
கேட்காமல் இருக்கத்தானே
மூன்று வருஷமாய் அவனுக்குப் புகையிலை வாங்கித் தருகிறேன்.

நீருக்குள் காலை நீட்டினான்.
நெடுநேரம் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.
"வேடிக்கை தெரியுமா?
இல்லாத மூன்றுக்குத்தான் இதமாயிருக்கு."

லாங்குஸ் சிரித்தாள். பியுங் சிரித்தான்.
நான் எழுந்து போய்
அந்தக் கல்லை எடுத்தேன்.
ஆறு உள்ளே வந்தது, அவன் பக்கமாக.
"போதும்" என்றான் கொஞ்சம் கழித்து.
வைத்தேன்.

ஏறும்போது குளித்ததெல்லாம் வியர்வையாய்ப் போயிற்று.
கயிற்றின் உச்சியில் மூச்சு வாங்கும்போதுதான்
பியுங்குக்கு நினைவு வந்தது:
மண்வெட்டி கீழே கிடக்கிறது.
அரசாங்கச் சொத்து, எண் போட்டது.
நாளை கணக்குக் கேட்பார்கள்.

யாரும் நகரவில்லை.
கீழே, கண்ணுக்கெட்டாத இடத்தில்,
ஆறு ஏதோ ஒரு கல்லைப்
புரட்டிக்கொண்டிருந்தது.