கட்டம் போட்ட தாள்

என் வேலை பார்ப்பது.
ஜெலுத்தோங் ஆஸ்பத்திரி, ஏழாம் மாடி,
படுக்கை பத்துக்கும் பதினொன்றுக்கும் நடுவில்
ஏதோ சார்ட் படிப்பவள் போல நின்று
கை கழுவியவர் யார், மறந்தவர் யார் என்று
கட்டம் போட்ட தாளில் குறிப்பது.
சரி. தப்பு. சரி. தப்பு. தப்பு.

தொடுமுன் ஒருதரம்.
தொட்டபின் ஒருதரம்.
ஆளைத் தொடாமல் கட்டில் கம்பியைத் தொட்டாலும் ஒருதரம்.
"கம்பிக்குமா மிசி?" என்கிறான் புதிதாக வந்த ஹவுஸ்மன்.
கம்பிக்கும்தான் தம்பி.
முக்கியமாகக் கம்பிக்குத்தான்.

என் செருப்புச் சத்தம் கேட்டால் வார்டு திருந்தும்.
டாக்டர் கூ விரலிடுக்கு வரை தேய்ப்பார்,
சாலைத்தடுப்பில் போலீஸைக் கண்டவர்
சீட் பெல்ட்டைத் தேடுவது போல.
நான் ரப்பர் செருப்புக்கு மாறினேன்.

பதினொன்றில் வீரப்பெருமாள்,
பிறையில் கண்டெய்னர் லோரி ஓட்டியவர்.
கால் முறிந்து வந்தார். எலும்பு சொன்னபடி ஒட்டியது,
புண்தான் மூடவில்லை.
ஆய்வுக்கூடத் தாள் வந்தது:
மருந்தின் பெயர், எதிரே ஆர். அடுத்ததற்கும் ஆர். ஆர். ஆர்.
எதிர்க்கிறது, எதிர்க்கிறது என்று பக்கம் முழுக்க.
கடைசி வரியில் ஒரே ஒரு எஸ்.
அந்த மருந்து கிருமியைக் கொல்லும்,
போகிற போக்கில் சிறுநீரகத்தையும் கேட்கும்.

மஞ்சள் பிளாஸ்டிக் அங்கிக்குள் வேர்த்து நின்றாள் மனைவி.
"கிளவுஸ் இல்லாம ஒருவாட்டி தொடலாமா மிசி?"
தொடுங்க. அப்புறம் கழுவுங்க.
தொடாதே என்று என் தாளில் எங்கேயும் இல்லை.
அவர் நெற்றியில் அவள் கை கிடந்த நேரத்தைக்
குறிக்கவும் அதில் இடமில்லை.

மூன்றாம் வாரம் பதினான்கில் அதே கிருமி.
பிறகு ஒன்பதில்.
மூவரும் எழுந்து நடக்க முடியாதவர்கள்.
அப்படியானால் நடந்தது யார்?
என்னிடம் பட்டியல் தயாராக இருந்தது.
டாக்டர் கூ, நான்கு தப்பு. பிசியோ பெண், மூன்று.
கக் நோர்லைலா ஒன்று, அதுவும் போன் அடித்ததால்.
வியாழக்கிழமைக் கூட்டத்துக்கு
பெயர்களைச் சிவப்பில் எழுதிவைத்தேன்.

பஞ்சுக்குச்சிகளோடு வந்தான் ஷெங் யீ.
குழாய்ப்பிடி, திரைச்சீலை, பிரஷர் பட்டை,
கணினி விசைகள், எல்லாருடைய கைகள்.
குச்சி ஒன்று மிஞ்சியது.
"மிசி, உங்க பேனா?" என்றான் சிரித்துக்கொண்டே.
கொடுத்தேன், நானும் சிரித்துக்கொண்டே.

கைகளில் இல்லை.
குழாயில் இல்லை.
திரைச்சீலையின் ஓரத்தில்,
பற்றி இழுக்கிற உயரத்தில் இருந்தது.
பேனாவில் இருந்தது.

கம்பியில் கையூன்றித்தான் எழுதுவேன்.
எழுதாத நேரம் பேனா கொண்டையில்.
பதினான்கு சம்மதக் கையெழுத்துப் போட்டது அதில்தான்.
ஒன்பதின் மகள் சாப்பாட்டுச் சீட்டு நிரப்ப
இரவல் வாங்கினாள், நன்றி சொல்லித் திருப்பித் தந்தாள்.
இதனால்தான் என்று ஷெங் யீ சொல்லவில்லை.
இதனால் இல்லை என்றும் சொல்லவில்லை.

கூட்டத்தில் சிவப்புப் பெயர்களை நான் வாசிக்கவில்லை.
பார்ப்பவருக்கு அந்தத் தாளில் கட்டம் கிடையாது.
ஸ்கேல் இல்லாமல் கோணலாக ஒன்று வரைந்து
என் பெயரெழுதித் தப்பு போட்டேன்.
டாக்டர் கூ ஒன்றும் பேசவில்லை.
மேசைமேல் இருந்த ஸ்பிரிட் புட்டியை
என் பக்கம் நகர்த்தினார்,
அமுக்கச் சொல்லித் தன் கையை நீட்டினார்.

வீரப்பெருமாள் இப்போது தனியறையில்.
சிறுநீர் நேற்றைவிட இருபது மில்லி கூட.
மனைவி அந்த எண்ணைக் காலண்டரில் எழுதுகிறாள்.
பதினொன்றின் திரைச்சீலையை அவிழ்த்து
மூட்டை கட்டுகிறார் கக் நோர்லைலா.
காலிக் கட்டிலின் கம்பியைப் பிடித்தபடி
நான் எதையோ யோசித்து நிற்கிறேன்.
மூட்டையைக் கீழே வைக்காமல்,
தாடையால் காட்டி, மலாயில் சொல்கிறார்:
மிசி. கை.