உள்துணி

முன்பதிவு கிடையாது என்றார்கள்.
ஒன்றேகால் மணிக்கே வரிசையில் நின்றோம்,
பளிங்குத் தூண்களுக்கு நடுவே.
எங்களுக்கு முன்னால்
பிறந்தநாள் பலூனோடு ஒருத்தி.
அம்மா நல்ல செருப்பு போட்டிருந்தாள்.
தங்கை கல்யாணத்துக்கு வாங்கியது.
குதிகாலில் பிளாஸ்திரி.

மேலே மாடத்தில் நான்கு பேர்
வயலின் வாசித்துக்கொண்டிருந்தார்கள்.
"அவங்களுக்குச் சாப்பாடு உண்டா?"
என்று கேட்டாள், கவலையாக.

முப்பத்தோரு வருடம்
ஷாம் ஷுய் போவில் திரைச்சீலை தைத்தவள்.
உட்கார்ந்ததும் மெனுவைத் தொடவில்லை.
ஜன்னலோரத் துணியின் விளிம்பைப் புரட்டினாள்.
"மேல்துணி பட்டு. உள்துணி ஏமாத்து."
எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்,
அதாவது அடுத்த மூன்று மேசைகளுக்கும்.

வெள்ளிக் கூஜாவிலிருந்து டீ ஊற்றினான் பையன்.
இரண்டு விரலால் மேசையைத் தட்டினாள்,
ஊற்றுகிறவருக்கு நாங்கள் சொல்லும் நன்றி.
விரிப்பு தடிமன். சத்தம் எழவில்லை.
அவன் சட்டையில் சுமன் குருங் என்றிருந்தது.
"ம்-சாய்" என்றான், எங்கள் தெருக்காரன் மாதிரி.
அதற்குப் பிறகு அவனைத் தவிர
வேறு யாரையும் ஊற்ற விடவில்லை அவள்.

ஒரு வாய் குடித்தாள்.
"வெந்நீரைத் தேயிலை
எட்டிப் பார்த்துட்டுப் போயிருக்கு."
எங்கள் கட்டிடத்தின் கீழே இருக்கும் கடையில்
துணிப்பையில் இழுத்து இழுத்து
தோல் பதனிடும் அளவுக்குக் காய்ச்சுவார்கள்.
அது டீ. இது மரியாதை.

மூன்றடுக்குத் தட்டு வந்தது.
கீழிருந்து சாப்பிட வேண்டுமென்று சுமன் சொல்ல,
"கூடையை மேலேருந்துதானே திறப்போம்?" என்று
சாக்லேட்டில் தொடங்கினாள்.

மூன்று வாரமாக ஒரு வாக்கியம்
என் நாக்குக்கடியில் ஊறிக்கொண்டிருந்தது.
இரண்டு பெட்டி, ஒரு பிள்ளை, மான்செஸ்டர், ஆகஸ்டு.
அதைச் சொல்லத்தான் இந்த இடம்,
அழுதால் அடக்கிக்கொள்ள வேண்டிய இடம்.
நான் வாயெடுக்கும்போதெல்லாம்
என் தட்டில் ஏதாவது வைத்தாள்.
வெள்ளரி சாண்ட்விச்.
முட்டை சாண்ட்விச்.
பெயர் தெரியாத பச்சையாக ஒன்று.

பிறகு ஸ்கோனைப் பிட்டு,
துணியைப் பார்ப்பதுபோல் இரண்டு பக்கமும் பார்த்து,
"இதைத்தான் அங்கே தினமும் தின்பாங்களா?"
"எங்கேம்மா?"
"எப்பவும் மழை பெய்யுமாமே, அங்கே."

வயலின் ஓடிக்கொண்டிருந்தது.
நான் கரண்டியைப் பார்த்தேன்.
"யார் சொன்னா?"

"யாரும் சொல்லலை.
பள்ளிக்கூட வாசல்ல சுன்
டைனோசர் ஸ்டிக்கரையெல்லாம் பங்கு வச்சுக் கொடுத்தான்.
பெரிசைக்கூட வச்சுக்கலை.
ஆறு வயசுப் பிள்ளை சொத்தைப் பிரிச்சா
என்ன அர்த்தம்?"

மார்ச்சில் நடந்தது அது.
மார்ச், ஏப்ரல், மே,
ஒவ்வொரு ஞாயிறும் மீன் ஆவி வைத்து
கன்னச் சதையை எடுத்து என் கிண்ணத்தில் போட்டு
ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"ஜன்னல் அளவு அனுப்பு.
நீளம் மட்டும் இல்லை, ஆழமும்.
குளிர் தேசம், உள்துணி நல்லதாப் போடணும்."
சொல்லிவிட்டு மிச்சமிருந்த க்ரீமை
விரலால் வழித்தாள்,
அந்தப் பளிங்கு, அந்தத் தூண்,
எதற்கும் கூசாமல்.

பில்லுக்குக் கை தூக்கினேன்.
சுமன் சிரித்தான்.
கை கழுவப் போனபோதே கொடுத்துவிட்டாளாம், ரொக்கமாக.
நான் பணத்தை அவள் பையில் திணிக்க,
அவள் பிடுங்கி என் பையில் திணிக்க,
பலூன்காரி திரும்பிப் பார்க்க,
அப்பாடா,
அந்த மண்டபத்தில் முதல்முறையாக
வீட்டில் இருப்பதுபோல் கத்தினோம்.

பேருந்தின் மேல்தளத்தில்
செருப்பைக் கழற்றினாள். பிளாஸ்திரி சுருண்டிருந்தது.
"இப்போ அங்கே மணி என்ன?"
ஏழைக் கழித்தேன்.
"காலை ஒன்பதே முக்கால்."

"டீக்கு இன்னும் நேரம் இருக்கு" என்றாள்,
குதிகாலைத் தேய்த்துக்கொண்டே.