இமைக்கணக்கு

கொழுத்த வியாழக்கிழமை.
தவக்காலம் தொடங்குமுன் வரும் கடைசி வியாழன்.
வூச் நகரில் அன்று எல்லார் உதட்டிலும் சர்க்கரைத் தூள்.
ஓல்ஷெவ்ஸ்கியின் மேசையிலும் ஒரு பெட்டி,
ரோஜா ஜாம் அடைத்த உருண்டைகள்.
எடுத்துக்கொள் அனியெலா, என்றார்.
எடுத்துக்கொண்டேன். கடிக்கவில்லை.
வாய்க்குள் வேறொன்று இருந்தது.

மூன்று மாதமாகிறது
டிராம் ஓட்டுநர்களின் முகத்துக்கு எதிரே
தீப்பெட்டி அளவுக் கேமராக்களைப் பொருத்தி.
பொருத்தியது நான்தான்.
நூற்றுப் பதினாறு வண்டி, ஒரே திருப்புளி.
செலவு குறைய வேண்டுமென்று
இடது கண்ணை மட்டும் பார்க்கச் சொன்னார்கள்.
ஒன்றரை விநாடி மூடினால்
தூக்கம் என்று எழுதிக்கொள்ளும்.
மாதத்தில் ஐந்து தூக்கம் என்றால் இரவுப்படி போகும்.
எட்டு என்றால் கடிதம் வரும்.
அதற்கு மேல் என்னவென்று
யாரும் கேட்டுக்கொள்ளவில்லை.

டிசம்பரில் போகுமிலின் கணக்கில்
முப்பத்து நான்கு தூக்கம்.

இருபத்திரண்டு வருடத்தில்
ஒரு புறாவைக்கூட அடித்தறியாதவர்.
போன இலையுதிர்காலத்தில் ஒரு விடியலில்
முகம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது.
மெல்லத் திரும்பி வந்தது, ஆனால்
நரம்புகள் வழி மாறிப் போய் ஒட்டிக்கொண்டனவாம்.
இப்போது உதடு விரிந்தால்
இடது கண் தானாக மூடிக்கொள்கிறது.
இமைப்பு ஒரு மாத்திரை என்றால்
போகுமிலின் சிரிப்பு அளபெடை.
தள்ளுவண்டியோடு ஏறும் தாய்க்குச் சிரித்தார்: தூக்கம்.
சில்லறை தேடும் மாணவனுக்குச் சிரித்தார்: தூக்கம்.

இதைத்தான் ஓல்ஷெவ்ஸ்கியிடம் சொன்னேன்.
மின்தூக்கியில் ஒத்திகை பார்த்த வரிசையில் வரவில்லை.
நரம்பை முதலில் சொல்லி, சட்டத்தை மறந்து,
நடுவில் ஏனோ மன்னிப்பும் கேட்டேன்.

அவர் கெட்டவர் இல்லை.
என் அப்பாவின் அடக்கத்துக்கு மழையில் வந்து நின்றவர்.
பொறுமையாகக் கேட்டார்.
பிறகு திரையை என் பக்கம் திருப்பினார்.
பார், ஜனவரியில் ஒன்பது. பிப்ரவரியில் இதுவரை இரண்டு.
மனிதன் திருந்துகிறான்.
கருவி வேலை செய்கிறது, அனியெலா.

கோடு சரிந்து இறங்கியது
அழகாக, பனிச்சறுக்கு மேடு போல.

அவர் சிரிப்பதை நிறுத்திவிட்டார், ஐயா.

அறையில் சூடேற்றி மட்டும் கிணுகிணுத்தது.
அவர் விரலில் இருந்த சர்க்கரையைத் தட்டினார்.
நீ சொன்னதைக் கேட்டேன். ஆனால் எழுதித் தராதே.
எழுதினால் எனக்குத் தெரிந்ததாகிவிடும்.

கண்டும் காணாமல் இருப்பதற்கு
இமை மூட வேண்டியதே இல்லை.
அந்தத் தூக்கத்தைப் பிடிக்க
என்னிடம் கேமரா இல்லை.

நான்கு மணி பத்துக்கு எழுதினேன்.
அவருக்கு, பாதுகாப்புப் பிரிவுக்கு, தொழிற்சங்கத்துக்கு.
பொருத்தியது நான் என்பதை முதல் வரியில் வைத்தேன்.
அனுப்பிய பிறகு
கைகளை என்ன செய்வதென்று தெரியவில்லை.

படகு என்று பெயர்கொண்ட ஊர் இது.
ஆறுகளைத் தெருவுக்கடியில் புதைத்துவிட்டு
மேலே தண்டவாளம் போட்டிருக்கிறோம்.
போகுமிலின் வண்டியில் கடைசி நிறுத்தம்வரை போனேன்.
எல்லாரும் இறங்கினார்கள். சக்கரம் நின்றது.
கேமரா நிற்பதில்லை.

பையிலிருந்த உருண்டையை நீட்டினேன்,
நசுங்கி, காகிதத்தில் ஜாம் கசிந்து.
உன்னுடையதா?
முதலாளியுடையது.

அவர் கண்ணாடிப் பொட்டை ஒருமுறை பார்த்தார்.
இன்னொன்று ஏறட்டும், என்று
மூன்று மாதத்துச் சிரிப்பையும் சேர்த்துச் சிரித்தார்.
இடது கண் மூடிக்கொண்டது,
நீளமாக, கதவைச் சாத்துகிற மாதிரி.

தூக்கம், 17:42.
காலையில் பட்டியலில் வந்து நிற்கும்.
அழிக்க எனக்கு அனுமதி உண்டு.
அழிக்கப்போவதில்லை.
இணைப்பு இரண்டு.