முதலாளி கருத்து கேட்ட சாயங்காலம்

ஈச்சங்காட்டு ஷெட்டுக்குக்
கீரை வடையும் ஃபிளாஸ்க் டீயுமாக
வந்திறங்கினார் அமிர்தலிங்கம் முதலாளி.
பதினேழு வருஷத்தில் முதல் வடை.
"ஆறு வண்டியைப் பதினாறாக்கப் போறேன்.
எந்தக் கம்பெனி வாங்கலாம்?
ஓட்டுறவங்க நீங்கதான் சொல்லணும்."
சிப்காட் பக்கமிருந்து அடித்த காற்றில்
பூண்டு கருகுவது போல ஒரு நெடி.
கொஞ்ச நேரம் யாரும் எதுவும் சொல்லவில்லை.

கொளஞ்சிதான் ஆரம்பித்தான்.
லேலண்டு தவிர வேறெதையும்
லாரி என்று அவன் ஒப்புக்கொள்வதில்லை,
மற்றதெல்லாம் பெரிய சைஸ் ஆட்டோ.
"நெய்வேலியில கரி ஏத்திக்கிட்டு
சேத்துல அச்சு வரைக்கும் எறங்கினாலும்
ரெண்டாவது கியர்ல முனகிக்கிட்டே ஏறி வந்துடும்."

"முனகும். ஏறாது" என்றார் சகாயராஜ்.
அவருக்கு டாட்டா.
ராத்திரி ரெண்டு மணிக்கு உளுந்தூர்பேட்டையில் நின்றாலும்
பெட்டிக்கடையில் பீடி வாங்குவது போல
ஸ்பேர் வாங்கிவிடலாம்;
திட்டக்குடியில் நின்றாலும் வாங்கலாம், அரியலூரில் நின்றாலும்.
இத்தனை ஊரில் ஏன் நின்றது என்று
அவர் யோசித்ததாகத் தெரியவில்லை.

பரங்கிப்பேட்டை ஜமால் மரைக்கார்
மஸ்கட்டில் டிரெய்லர் ஓட்டியவர்.
பென்ஸ் என்ற சொல்லை
அத்தர் பாட்டிலின் மூடியைத் திறப்பது போலச் சொல்வார்.
ஏசி கேபின். காற்றில் மிதக்கிற சீட்டு.
"அந்த சீட்டு விலை
நம்ம ரெண்டு மாசச் சம்பளம்"
என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.
யாரென்று முதலாளி திரும்பிப் பார்க்க
எல்லோரும் வடையைப் பார்த்தோம்.

அப்புறம் சூடு பிடித்தது.
புது வண்டி எல்லாம் யூரியா கேக்குதே,
நெல்லுக்கே சொசைட்டியில வரிசை நிக்குது.
எலி கடிச்ச ஒயருக்கு
லேப்டாப்போட ஒருத்தன் விழுப்புரத்திலிருந்து வரணும்,
அதுவரைக்கும் வண்டி நகராது,
டியூ மட்டும் நகரும்.
மைலேஜ் பற்றி நாங்கள் அத்தனை பேரும் பொய் சொன்னோம்.
கன்னியக்கோயில் பங்க்கில் பாண்டிச்சேரி டீசல் அடித்துவிட்டுக்
கடலூர் விலைக்குக் கணக்கு எழுதிய வரலாறு
எல்லோருக்கும் உண்டு.
முதலாளிக்கும் தெரியும் என்பது
அவர் டீயை ஊதிய விதத்தில் தெரிந்தது.

கணக்கு பார்க்கும் செந்தாமரை
கம்பெனி கம்பெனியாகக் கோடு போட்டு
எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள்,
நாளைக்கே நிறைவேறிவிடும் என்பது போல.

பாவாடை மட்டும் பேசவில்லை.
ஃபேக்டரி கேட்டு வாசலில் மூன்று ராத்திரி கிடந்து
அன்று காலைதான் லோடு இறக்கியவன்.
கடைசி வடையை எடுத்துக்கொண்டு,
"பத்து வண்டி சரி முதலாளி,
பத்து டிரைவரை எந்தக் கம்பெனில வாங்கப் போறீங்க?"
என்றான்.

சிரித்தோம். அவரும் சிரித்தார்.
கொளஞ்சி சிரிக்கவில்லை.
தன் பையன் ஸ்டியரிங்கைத் தொட்டால்
கையை ஒடிப்பேன் என்று
குலசாமி மேல் சத்தியம் செய்தவன் அவன்;
லேலண்டைப் புகழ்ந்ததும் அதே வாய்தான்.

ஆடி கழிந்து பத்து வண்டி வந்தது,
நாங்கள் யாரும் வாயில் எடுக்காத ஒரு பெயரில்.
ஃபைனான்ஸ்காரன்
எதற்கு வட்டி குறைத்தானோ அது.
நான்கு சாவி இன்னும் ஆணியில் தொங்குகிறது.
எனக்கு ஒன்று கிடைத்தது.
சீட்டின் பாலித்தீனைக் கிழிக்கக் கூடாது என்று உத்தரவு;
வெயிலில் முதுகு ஒட்டிக்கொண்டு
பர்ரென்று உரிகிறது.

முதல் லோடு. அதே கேட்டு.
பின்னால் நின்ற கொளஞ்சி இறங்கி வந்து
ஒரு சுற்று சுற்றினான்,
டயரைக் காலால் உதைத்தான்,
"ம்" என்றான்.
அவன் கணக்கில் இதுவும் ஆட்டோதான்.
எனக்கு முன்னால் நாற்பத்திரண்டு வண்டி.
எல்லாக் கம்பெனியும் இருந்தது.
எதுவும் நகரவில்லை.